வெட்டிய படம்

வண்டி நிறுத்தக் கூடாத இடத்தில் நான் ஒரு நாளும் நிறுத்தியதில்லை இன்ஸ்பெக்டர் மேடம். இருபத்தாறு வருஷமாக ஸ்ரீவராகத்து வீட்டிலிருந்து கழக்கூட்டத்து ஆபீசுக்கு ஓட்டுகிறேன், பெற்றி கேஸ் என்று ஓர் அபராதச் சீட்டுகூட வாங்கியது கிடையாது. குற்றாலலிங்கம் ஒழுங்கான ஆள் என்று தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

வேலைக்குச் சேருகிறவர்களின் பின்னணியை விசாரித்துச் சொல்வதுதான் என் உத்தியோகம். நீங்கள் கேட்கிற அந்தப் பட்டியலை நான் தொடங்கியது அதற்கு வெளியே, என் சொந்த நேரத்தில். நான் படித்த காலத்தில் ஸ்டிரைக் என்று கல்லூரியை நான்கு மாதம் பூட்டிவிட்டார்கள். பரீட்சை தள்ளிப்போனது, கைக்கு வந்த பேங்க் வேலை கைவிட்டுப் போனது. கொடி பிடித்தவர்கள் யாரும் எனக்குப் பதில் சொல்லவில்லை. செய்ததற்குப் பதில் சொல்ல ஓர் இடம் வேண்டாமா? அந்த இடத்தை இணையத்தில் நான் உண்டாக்கினேன். போராடிய மாணவர் ஒவ்வொருவருக்கும் பெயர், கல்லூரி, படம், என்ன போராட்டம், என்ன பங்கு. எந்தக் கட்சி என்று பார்த்ததில்லை. படங்களெல்லாம் அந்தப் பிள்ளைகளே பெருமையாகப் போட்டவை. கம்பெனிகள் பார்த்தன. வேலை தருவதா இல்லையா என்ற முடிவு அவர்களுடையது.

ரெம்யாவின் விஷயத்துக்கு வருகிறேன்.

பெண்கள் விடுதிக் கதவை ஆறரைக்கே பூட்டக் கூடாது என்று என் மகள் அஸ்வதி படிக்கும் கல்லூரியில் ஒரு போராட்டம். வாசலில் இரண்டு பெண்கள் நிற்கும் படம் எனக்கு வந்தது. ஒருத்தி மைக்கில் பேசுகிறாள். மற்றவள் பக்கத்தில் பதாகையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். பேசியது அஸ்வதி. பதாகை பிடித்தது அவள் தோழி ரெம்யா.

அஸ்வதியை வெட்டி எடுத்துவிட்டு மீதிப் படத்தைப் போட்டேன். அதன் கீழே, ‘உரையாற்றித் தூண்டியவர்’ என்று எழுதினேன். எந்தத் தகப்பனும் அதைத்தான் செய்வான்.

ரெம்யாவை எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்த மூன்று கம்பெனிகளும் ஒன்றன்பின் ஒன்றாகக் கைவிரித்தன. அவளுடைய அப்பா தாசையன் பாறசாலைப் பக்கம் வாழை வைத்திருக்கிறவர். பட்டியல் யாருடையது என்று தெரியாமல், மகளுடைய தோழியின் அப்பா பெரிய கம்பெனியில் இருக்கிறாரே என்று என்னைத் தேடி வந்தார். ஒரு குலை செந்துளுவன் பழம் கொண்டுவந்திருந்தார்.

“எம்மவ கொடி பிடிச்சது உள்ளதுதான் சாரே. அதுக்காக ஆயுசு முழுக்க வேலை கெடைக்கப்பிடாதா? நீங்க ஒரு வாக்கு சொன்னா மதி, அதே போதும்” என்றார்.

பார்க்கிறேன் என்று சொல்லிக் காப்பி கொடுத்து அனுப்பினேன். அவர் தெரு திரும்பியதும் ரெம்யாவின் குறிப்பில் ஒரு வரி சேர்த்தேன்: ‘குடும்பத்தார் மூலம் சிபாரிசுக்கு முயல்பவர்.’ அது உண்மைதானே. நான் கேட்டு அவர் வரவில்லை.

மறு வாரம் ரெம்யா தோட்டத்துப் பூச்சிமருந்தைக் குடித்தாள். பிழைத்துக்கொண்டாள். தொண்டை போய்விட்டது, இனிக் குரல் திரும்பாது என்று டாக்டர்கள் சொல்கிறார்களாம். வருத்தம்தான். ஆனால் மருந்தை நான் ஊற்றிக் கொடுக்கவில்லை. எனக்கும்தான் வேலை போனது, நான் குடித்தேனா?

ஆஸ்பத்திரியில் அவளைப் பார்த்துவிட்டு வந்த அஸ்வதி ஏதோ அச்செடுக்க என் லேப்டாப்பைத் திறந்திருக்கிறாள். வெட்டாத முழுப்படமும், பட்டியலுக்கு நான் எழுதிய குறிப்பும் அதில் இருந்தன. சத்தம் போடவில்லை. படத்தை என் பக்கம் திருப்பிவைத்து, “அப்பா, பேசினது நானாக்கும். ரெம்யா அன்னைக்கு வாயே தொறக்கல்லியல்லோ” என்றாள்.

“உனக்காகத்தான் செய்தேன்” என்றேன்.

“எனக்காகன்னா, அதை எங்கிட்ட கேட்டிருக்கணும்” என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனாள். போனது உங்கள் ஸ்டேஷனுக்கு என்று பிறகுதான் தெரிந்தது.

ஆம், எல்லாம் நான் ஒருவனே செய்தது. எழுதிக்கொள்ளுங்கள். கூட யாரும் இல்லை. யாரும் சொல்லித் தரவுமில்லை. என் பட்டியலில் ஒரே ஒரு தவறு இருந்தது. நீங்கள் வந்து கதவைத் தட்டுவதற்கு முன்பே அதையும் திருத்திவிட்டேன். இப்போது முழுப்படமும் அதில் இருக்கிறது. அஸ்வதியின் பெயரும், பேசியது அவள்தான் என்பதும், பெற்ற தகப்பன்மேலேயே புகார் கொடுத்தவள் என்பதும் இருக்கின்றன. ரெம்யாவின் பெயரை எடுக்கவில்லை, பதாகை பிடித்தாளே. இனி நான் பாரபட்சம் பார்த்தேன் என்று யாரும் சொல்ல முடியாது.