‘ஆர்டர்’ என்ற சொல்லுக்கு இரண்டு பக்கம்

அவைத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அண்ணி அவர்களே, அகராதித் துறைத் தோழர்களே, அச்சுக்கூடத்திலிருந்து மை படிந்த கையோடு வந்திருப்பவர்களே! நம் நிறுவனத்தின் செயலர் அவர்களே, உங்களுக்கும் வணக்கம். உங்களைக் கடைசியில் அழைத்தது மறதியால் அல்ல.

நம் சீட்டு அண்ணன் போய்விட்டார். புதியவர்கள் “சீட்டாடுவாரோ?” என்று கேட்பார்கள். ஆடத் தெரியாது. சொல்லுக்கு ஒரு சீட்டு என்று எழுதி எழுதி, முப்பத்தோரு ஆண்டுகளில் நாலாம் மாடி அலமாரிகளை நிரப்பியவர் அவர். ஆங்கில - தமிழ் அகராதியின் முதன்மைத் தொகுப்பாளர்! அவர் பக்கங்களுக்குப் பத்தொன்பது ஆண்டுகளாக மெய்ப்புப் பார்த்தவள் நான்.

கடைசியாக அவர் கையில் இருந்த சொல் ‘ஆர்டர்’. நம் வாயில் தினமும் புழங்குகிற சொல். “ஒழுங்குன்னு ஒத்தை வரி போதுமே, எதுக்கு ரெண்டு பக்கம்?” என்றார் செயலர்.

அண்ணன் விடவில்லை. “டீ ஆர்டர் பண்றோமே சார், அது ஒழுங்கா? நீங்க எங்களுக்கு ஆர்டர் போடுறீங்க, அது ஒழுங்கா? அகர வரிசையும் ஆர்டர்தான். மெஷின் நின்னுபோனா அவுட் ஆஃப் ஆர்டர். ஒரே சொல் எப்படி சார் இத்தனை வேலை பாக்குது?”

வேர் லத்தீனில் இருந்தது. தறியில் நூல்கள் நிற்கும் வரிசை என்று பொருள். படித்ததோடு நின்றாரா? என்னையும் இழுத்துக்கொண்டு ஒரு நெசவுக்கூடத்துக்கே போனார். அங்கே நெசவாளி பாவு நூலைத் தொட்டுக் காட்டி, “ஒரு இழை இடம் மாறினாலும் துணி காட்டிக்குடுத்துடும் சார்” என்றார். அண்ணன் வாசலிலேயே நின்று சீட்டில் எழுதினார். “முதல்ல நூல் வரிசை. அப்புறம் ஆள் வரிசை. அதுக்கும் அப்புறம்தான் கட்டளை. பாத்தியாம்மா, நிக்கிறவன்தான் முதல்ல வந்திருக்கான். நிக்கச் சொல்றவன் பின்னாடிதான் வந்தான்!”

அந்த மனிதருக்கு நாம் என்ன செய்தோம்? லிஃப்ட் கெட்டுப் பதினொரு மாதம். நெஞ்சில் அடைப்பு, மாடி ஏற முடியவில்லை, துறையைக் கீழ்த்தளத்துக்கு மாற்றுங்கள் என்று இரண்டு முறை எழுதினார். ‘பரிசீலனையில் உள்ளது’ என்று இரண்டு முறை பதில் வந்தது. கீழே அறை இல்லையா? இருந்தது! அதில் செயலர் வாங்கிய கேடயங்கள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தன. கேடயத்துக்கு மூச்சு வாங்குமா? கேடயம் படி ஏறுமா?

சென்ற செவ்வாய்க்கிழமை செயலர் அறையிலிருந்து மெய்ப்பு திரும்பி வந்தது. இரண்டு பக்கமும் அடிக்கப்பட்டு, ‘ஒழுங்கு’ என்ற ஒரே வரி மிஞ்சியிருந்தது.  அண்ணன் அதை எடுத்துக்கொண்டு இறங்கினார். செயலர் அறை வாசலில் ஒரு மணி நேரம் நின்றார். நேரமில்லை என்றார்கள். “பரவால்லம்மா, அப்புறமா வர்றேன்” என்று உதவியாளரிடம் சொல்லிவிட்டு ஏறினார். மூன்றாம் மாடித் திருப்பத்தில் உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை.

அண்ணி என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். “அங்க உக்கார ஒரு நாற்காலியாவது இருந்துச்சாம்மா?”

இல்லை அண்ணி. படிதான் இருந்தது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது.

சற்றுமுன் செயலர் ‘ஈடு செய்ய முடியாத இழப்பு’ என்றார். ஈடு செய்வது கிடக்கட்டும் ஐயா. ஒரு லிஃப்டைச் சரிசெய்ய உங்களால் முடியாமல் போனதா?

தோழர்களே, அழுதுவிட்டுக் கலைய நான் வரவில்லை. அந்தப் பக்கங்களின் மூலப்படி என் பையில் இருக்கிறது. அவர் எழுதியபடி, அவர் பெயரோடு, அந்த இரண்டு பக்கமும் வரும் வரை ‘அச்சிடலாம்’ என்று நான் கையெழுத்துப் போட மாட்டேன். துறையில் மீதமிருக்கும் ஐந்து பேரும் நேற்றே இதற்கு ஒப்புக்கொண்டார்கள். அச்சுக்கூடத்து அண்ணன்களும் எந்திரத்தைத் தொடுவதில்லை என்று வாக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

செயலர் அவர்களே, என் சீட்டையும் கிழிக்கலாம். கிழியுங்கள். அடுத்து என் மேசையில் உட்காருபவரிடமும் இந்தப் பக்கங்களைக் கொடுத்துவிட்டுத்தான் போவேன்.