தானாகப் பட்ட மரம்

எனக்குப் பச்சை மரத்தின் வாடை ஒத்துக்கொள்ளாது. வன இலாகாவில் இருபத்திரண்டு வருடம் குப்பை கொட்டியவன் இப்படிச் சொன்னால் சிரிப்பார்கள். ஈட்டி மரத்தை உயிரோடு அறுத்தால் சாறு கசியும். அரை மணியில் ஈ மொய்க்கும். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது.

மருந்தின் பெயரைக் கேட்கிறீர்கள், இன்ஸ்பெக்டர். ஆஸ்பத்திரியில் அந்தப் பெண் கிடக்கிறாள். பெயர் தெரிந்தால் டாக்டர் முறிவு மருந்து கொடுப்பார். நீங்கள் கிடங்கில் எடுத்த டின்னில் ஒட்டியிருந்த சீட்டு எப்போதோ உரிந்துவிட்டது. பரிசோதனைக்கு அனுப்பினால் இரண்டு நாள் ஆகும். எல்லாம் புரிகிறது. சொல்கிறேன். ஆனால் பெயரை மட்டும் சொன்னால் என்னைத் தப்பாக எடுத்துக்கொள்வீர்கள். வரிசையாகச் சொல்ல வேண்டும்.

ஈட்டி அருகிவரும் மரம். உயிருள்ளதை வெட்டக் கூடாது. தானாகப் பட்டுப்போனதை மட்டும் வெட்டி ஏலம் விடலாம். தானாகத்தான் பட்டது என்று ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். அந்த ஒருவர் நான்.

எங்கள் காப்புக்காட்டில் நாற்பத்தொரு முதிர்ந்த ஈட்டிகள் இருந்தன. ஐந்து வருடத்தில் ஒன்றுகூடப் படவில்லை. ஏலம் நின்றது. விலை ஏறியது. திருடர்கள் வந்தார்கள். ஒரே வாரத்தில் நான்கு மரம். போய்ப் பார்த்தேன். கோணல்மாணலாக அறுத்து, அடிக்கட்டைக்குப் பக்கத்திலேயே மலம் கழித்துவிட்டுப் போயிருந்தார்கள். மரத்தை மதிக்காத ஜனம். வருடத்துக்கு இரண்டு மரம் ஒழுங்காகப் பட்டால் ஏலம் நடக்கும், திருட்டு குறையும், மற்றவை பிழைக்கும் என்று அன்றைக்குத் தோன்றியது. இப்போதும் அது தப்பாகத் தெரியவில்லை.

பழைய கிடங்கில் அந்த டின் கிடந்தது. வேண்டாத மரங்களைக் கொல்ல ஒரு காலத்தில் இலாகாவே வாங்கியது. பிறகு தடை செய்துவிட்டார்கள். வேரோரம் மண்ணைத் தள்ளி, துளையிட்டு, ஊற்றி, மூடினேன். பட்டப்பகலில்தான். மூன்று மாதத்தில் இலை உதிர்ந்துவிடும். வாடை இல்லை, ஈ இல்லை. உயிருள்ள மரத்தில் நான் ஒருநாளும் கோடாலி வைத்ததில்லை.

ஏலம் எடுப்பவர் என் மைத்துனர். அறுவை மில் வைத்திருக்கிறார். அதை நான் மறைக்கவில்லை. என் வீட்டுச் சாப்பாட்டு மேசை அவர் செய்து கொடுத்தது.

"மச்சான், நீங்க பேனாவைத் திறந்தாலே மரத்துக்கு ஜன்னி கண்டுடுது" என்பார். அவருக்கு எல்லாம் விளையாட்டு.

அந்தப் பெண்ணின் கணவன் காவலாளி. ஆபீசில் அவனுக்கு நக்கி என்று பெயர். மரம் வாடினால் பட்டையைச் சீவி வாயில் போட்டு மெல்லுவான். துவர்த்தால் நல்ல மரம் என்பான். நாக்கு பழுப்பேறி இருக்கும். மென்றதைத் துப்பாமலே பேசுவான். எனக்குக் குமட்டும். வேறு பக்கம் பார்த்துக்கொள்வேன்.

போன வருடம் விதை மரத்துக்கு ஊற்றினேன். நாற்றங்காலுக்கு விதை போவது அதிலிருந்துதான். மைத்துனருக்கு அந்தச் சுற்றளவு தேவைப்பட்டது. ஒரு மாதத்தில் நக்கி வந்து நின்றான்.

"சார், விதை மரம் வாடுது."

"வயசாயிடுச்சுப்பா."

"வயசானா உச்சியில காயும் சார். இது ஒரு பக்கமா காயுது. வேர்ல துளை துளையா இருக்கு, வண்டு போல. பட்டையில துவர்ப்பே இல்ல. சப்புன்னு இருக்கு."

"வண்டுதான். தினமும் பாரு" என்றேன்.

தினமும் பார்த்தான். பன்னிரண்டு நாள். துளைகளைக் கழுவி, சேற்றால் பத்துப் போட்டான். பட்டையை மென்றான். அது அவன் வேலை.

பதின்மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். தினமும் போய்ப் பார்த்தேன், பழம் வாங்கிக்கொண்டு. இலாகாவில் வேறு யாரும் போகவில்லை. டாக்டர் அவன் மனைவியிடம், "ஏதாவது மருந்து கிருந்து தொட்டாராம்மா? எதுன்னு தெரிஞ்சா காப்பாத்திடலாம்" என்று கேட்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன். என்னைக் கேட்கவில்லை.

ஒருநாள் அவன் வாந்தி என் ஷூவில் தெறித்தது. வெளியே குழாயில் மூன்று முறை கழுவினேன். அந்த ஷூவை அப்புறம் போடவே இல்லை. ஏழாம் நாள் போய்விட்டான்.

வயிற்றுப்போக்கு என்று எழுதினார்கள். அவன் வேலையை அவளுக்கு வாங்கிக் கொடுத்தது நான். ஒரு வருடம் தூங்க வேண்டிய ஃபைலை மூன்று வாரத்தில் நகர்த்தினேன். "சார் இல்லன்னா பிள்ளையோட நடுத்தெருவுல நின்னிருப்பேன்" என்று அழுதாள். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இரண்டு மாதம் கழித்து மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"சார், விதை மரம் துளிர் விட்டிருக்கு! அவர் கைராசி சார்."

போய்ப் பார்த்தேன். சேற்றுப் பத்துக்கு மேலே விரல் நீளத்துக்குத் துளிர். கொழகொழவென்று ஒரு பச்சை. பட்ட மரம் என்று நான் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. ஏலத் தேதியும் குறித்தாயிற்று. என் கையெழுத்து பொய்யாகக் கூடாது. மறுபடி ஊற்றினேன். இந்த முறை கொஞ்சம் தாராளமாக.

அவளும் புருஷன் மாதிரியே பட்டையைச் சீவி வாயில் போட்டாள். என் கண்ணால் பார்த்தேன். எச்சரித்தேன் என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

"வாயில வைக்காதம்மா. அசிங்கம்."

"மரம்தானே சார். மனுஷன் வாயைவிட சுத்தம்" என்று சிரித்தாள். பல்லில் நார் ஒட்டியிருந்தது. அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை.

நேற்று முன்தினம் விழுந்தாள். அதே டாக்டர். புருஷனை ஞாபகம் வைத்திருந்தார். உங்களைக் கூப்பிட்டார். நீங்கள் கிடங்கைத் திறந்தீர்கள்.

அவள் சாக வேண்டும் என்று நான் நினைத்ததே இல்லை. அவன் விஷயத்திலும் அப்படித்தான். ஏழு நாள் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றேன், ஒருநாள்கூட அப்படி நினைக்கவில்லை. பெயரைச் சொன்னால் மரம் தானாகப் படவில்லை என்றாகிவிடும். இருபத்திரண்டு வருடக் கையெழுத்து. நீங்களும் கையெழுத்துப் போடுகிறவர்தானே.

போனை எடுங்கள், அடித்துக்கொண்டே இருக்கிறது. நான் காத்திருக்கிறேன்.

என்ன, பேனாவை மூடிவிட்டீர்கள்? இனி அவசரமில்லை என்றால் என்ன அர்த்தம்? அந்தக் குழந்தையை யாராவது பார்த்துக்கொள்வார்கள் அல்லவா?

பாஷாணம். வெள்ளைப் பாஷாணம். எழுதிக்கொள்ளுங்கள். கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை என்று நாளைக்கு யாரும் சொல்லக் கூடாது.