புறப்பாட்டு நிறம்

ட்யூப்லைட் வெளிச்சத்தில் எடுத்த படத்தில் எல்லோருமே வியாதிக்காரர்கள் மாதிரித்தான் தெரிவார்கள். நீங்களும்தான், இன்ஸ்பெக்டரம்மா. கோபித்துக்கொள்ளாதீர்கள். கேமராவின் குணம் அது. நமக்கு வேண்டிய நிறத்தை நாம்தான் அதற்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

என் பெண் வேதா வாங்கிக் கொடுத்த போன். அதில் ஸ்டைல் என்று ஒன்று இருக்கிறது. பிடித்த மாதிரி நிறத்தை அமைத்து ஒரு பெயர் வைத்துவிட்டால், எடுக்கும்போதே படம் அந்த நிறத்தில் விழும். நானும் ஒன்று அமைத்தேன். பச்சையைக் குறைத்து, சூட்டைக் கூட்டி, இருட்டான இடத்தை வெளுக்க வைத்து, அதில் கொஞ்சம் சிவப்பு ஏற்றினேன். 'புறப்பாடு' என்று பெயர் வைத்தேன்.

என் ஆத்துக்காரர் சௌரிராஜன் ஸ்ரீபாதம்தாங்கி. பெருமாள் வீதிக்குப் புறப்படும்போது பல்லக்கைத் தோளில் சுமப்பவர். முன்தண்டு அவருடையது. தீவட்டி வெளிச்சத்தில் சும்மா எடுத்தால் பெருமாள் பளபளப்பார், சுமக்கிறவர் இருட்டில் கரைந்துபோவார். என் படத்தில் அவருடைய தோள் தெரியும், கழுத்து நரம்பு தெரியும். "மாமி, மாமாவை மட்டும் என்ன, தங்கத்துல வார்த்து வெச்சிருக்கேளா?" என்று பக்கத்தாத்துப் பெண்கள் கேட்பார்கள். "இப்பத்தான் தெரிஞ்சுதாடி உங்களுக்கு?" என்பேன்.

அவருக்குச் சர்க்கரை உடம்பு. பாதத்தில் உணர்ச்சி போய்விட்டிருந்தது. சித்திரை வெயிலில் தார் ரோட்டில் வெறுங்காலோடு சுமந்தவர், உள்ளங்காலில் கண்ணாடிச் சில்லு ஏறியது தெரியாமலே வீதி முழுக்கச் சுற்றி வந்திருக்கிறார். கூடத்தில் ரத்தத்தைப் பார்த்து நான்தான் சொன்னேன். சித்தூரில் டாக்டர் ஹரிபிரசாத் அறுத்துச் சுத்தம் செய்தார்.

"திருப்பதியிலேர்ந்து தினமும் அலைய வேணாம்மா. காலைல கட்டுப் பிரிக்கறப்போ ஒரு போட்டோ அனுப்புங்க. சிவப்பா இருந்தா ஆறுதுன்னு அர்த்தம். கறுத்துதுன்னா வெண்டனே, உடனே வந்துடணும். விட்டா முழங்காலுக்குக் கீழே காலையே எடுக்கும்படி ஆயிடும்" என்றார். என்னிடம்தான் சொன்னார். நன்றாகவே புரிந்தது.

முதல் சில படங்கள் சாதாரணமாகத்தான் எடுத்தேன். சிவப்பாகத்தான் இருந்தது. கட்டுப்போட வந்துகொண்டிருந்த துலுக்காணத்திடம், இனி நானே பார்த்துக்கொள்கிறேன் என்றேன். "இன்னா மாமி, நர்ஸ் வேலைக்குப் போப் போறியா?" என்று சிரித்துவிட்டுப் போனான்.

ஒருநாள் முன்வாசலில் பெருமாள் புறப்பாடு. அவர் இல்லாத தண்டை வேறு யாரோ சுமந்துகொண்டு போனார்கள். படமெடுத்துவிட்டு உள்ளே வந்து கட்டைப் பிரித்தேன். புண்ணின் ஓரம் கறுத்திருந்தது. எடுத்து அனுப்பினேன். 'புறப்பாடு' ஸ்டைலை மாற்ற மறந்துவிட்டேன். உடனே போனில் டாக்டர் குரல் வந்தது: "பாகுந்தம்மா! நல்ல சிவப்பு. இப்படியே போகட்டும்."

படத்தைத் திறந்து பார்த்தேன். நிஜமாகவே சிவப்பாக இருந்தது. புண் உள்ளங்காலில் இருந்ததால் என் ஆத்துக்காரராலும் நேரே பார்க்க முடியாது, போனில்தான் பார்ப்பார். "தேவலையே பத்மா" என்றார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். திரும்ப ஒழுங்காக எடுத்து அனுப்பியிருக்கலாம் என்கிறீர்கள். அனுப்பியிருக்கலாம்தான்.

பூவராகவன் மாமாவை நீங்கள் பார்த்ததில்லை. அவரும் தண்டு பிடித்தவர்தான். கால் போனபிறகு சக்கர நாற்காலியில் வாசலில் உட்கார்ந்திருப்பார். பெருமாள் அவரைத் தாண்டிப் போவார். தூக்குகிறவர்கள் வேறுபக்கம் பார்த்துக்கொண்டு போவார்கள். அவர் ஆத்து மாமி பெருமாளுக்குத் தட்டு கொடுக்கக்கூட வெளியே வருவதில்லை. என் அகத்து வாசலில் அப்படி ஒரு நாற்காலியை வைக்கவா?

கறுப்பு ஏற ஏற நானும் நிறத்தை ஏற்றினேன். ஒவ்வொரு காலையும் கொஞ்சம். வேப்பிலை வைத்துப் பார்த்தேன், மஞ்சள் வைத்துப் பார்த்தேன், அலிபிரியிலிருந்து திருமலைக்குப் படியேறி வேண்டிக்கொண்டு வந்தேன். சும்மா இருந்தேன் என்று மட்டும் யாரும் சொல்ல முடியாது. வாடைக்கு அறையில் பச்சைக் கற்பூரம் வைத்தேன்.

வேதா பிரசவத்துக்கு வந்தாள். "நான் ஒருதரம் பாக்கறேம்மா" என்றாள். "பிள்ளைத்தாச்சி புண்ணைப் பாக்கப்படாதுடி" என்று கதவைச் சாத்தினேன். எங்களில் அது வழக்கம். போனைக் கொடுத்தேன். "நன்னா ஆறிண்டு வரதேம்மா" என்று கண் கலங்கினாள்.

பிறகு அவர் பிதற்ற ஆரம்பித்தார். நான் பெருமாள் தீர்த்தம் வாங்கக் கோயிலுக்குப் போயிருந்தேன். வேதா கட்டைப் பிரித்துத் தன் போனில் எடுத்து அனுப்பியிருக்கிறாள். டாக்டர் கூப்பிட்டு, "யார் காலம்மா இது?" என்று கேட்டாராம். நான் வரும்போது ஆம்புலன்ஸ் வாசலில் நின்றது. சித்தூர் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. விஷம் ரத்தத்தில் கலந்துவிட்டதாம்.

வேதா உங்களிடம் எழுதிக் கொடுத்தது எல்லாம் உண்மை. எனக்குத் தெரியும், கறுத்த முதல் நாளிலிருந்தே தெரியும். தெரிந்தேதான் அனுப்பினேன். அவருக்காகத்தான் செய்தேன் என்பதை மட்டும் அவள் ஒத்துக்கொள்ள மறுக்கிறாள்.

அவள் ஒன்று சொல்லியிருப்பாள், அதையும் நானே சொல்லிவிடுகிறேன். வேதா வந்த வாரம் அவர் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்.

"பத்மா, எனக்கென்னமோ இது சரியா வரலைன்னு தோணறது. டாக்டரண்ட கேளு. காலை எடுக்கணும்னா எடுத்துடட்டும்."

"என்ன பேச்சு இது? தண்டு யார் பிடிக்கறதாம்?"

"யாராவது பிடிப்பா. பெருமாளுக்கு ஆளா இல்லை? நான் ஒத்தைக் காலோட உக்காந்துண்டு வேதா குழந்தையைத் தொட்டில்ல ஆட்டறேன். எனக்கு அது போறும்டி. நான் இருக்கணும்."

"ஆறிண்டு வரதுன்னா" என்று போனைக் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார். பிறகு என்னை நம்பினார்.

ஜுரத்தில் இருக்கிறவர் எதையாவது சொல்வார், இன்ஸ்பெக்டரம்மா. அன்றைக்கு ஜுரமே இல்லை என்கிறாள் வேதா. இருக்கட்டும். அவருக்கு என்ன வேண்டும் என்று அவரைவிட எனக்குத்தான் தெரியும். இரண்டு காலோடும் அனுப்பி வைத்தேன். சுமந்துகொண்டு போனவர்கள் ஒருவர்கூட முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.