மெர்லினின் மூச்சு

ரோஸ்மேரி அக்கா வீட்டு மொட்டைமாடியில் துணி காயப்போட்டால் சீக்கிரம் காய்ந்துவிடும், மேடம். அவ்வளவு காற்று. ஆலைகள் சூழ்ந்த நெட்டுக்குப்பத்தில் அந்த மாடியை அளவெடுக்க நான் கேட்டு வாங்கியது அதற்காகத்தான்.

என் வேலை காற்றை அளப்பது. உள்ளே ஒன்றுமில்லாத எஃகுக் குடுவையை மாடியில் வைத்துத் திறந்தால், காற்று தானாக ஏறிக்கொள்ளும். ஆய்வுக்கூடத்தில் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் அதில் கலந்திருப்பதையெல்லாம் எடை பார்த்துப் பிரிக்கும். எவ்வளவு சொற்பமாக இருந்தாலும் திரையில் ஊசிபோல ஒரு முகடு எழும்.

முதல் குடுவையிலேயே பென்சீன் எழுந்தது. இரத்தத்தைக் கெடுப்பது. மக்கள் குடியிருக்கும் இடத்தில் அத்தனை உயர முகட்டை நான் பார்த்ததில்லை. ஒரு வருடம் விடாமல் அளந்துவிட்டால் யாராலும் மறுக்க முடியாது. குப்பத்துக்கு நல்லது செய்யத்தான் நினைத்தேன்.

கோடையில் அக்காவின் மகள் மெர்லின் கல்லூரிக்குப் போவதை நிறுத்தினாள். எப்போதும் சோர்வு, கையெல்லாம் நீலத் திட்டுகள்.

"மாதவரத்துல எங்கண்ணன் வூடு கீது சார். பொண்ண இட்டுகினு பூடலாம்னு பாக்குறேன். காத்துல இன்னா கீதுன்னு நீ பாத்துகினுதானே கீற, சொல்லு சார்" என்றார் அக்கா.

அவர்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு போனால் நான் மாடி ஏற முடியாது. பாதியில் நின்ற அளவை யார் ஏற்பார்கள்?

"காத்து சுத்தமா இருக்குக்கா. ரத்தசோகையா இருக்கும். கீரை குடுங்க."

"நீ சொன்னா சரி சார்" என்று காபி போடப் போனார்.

பிறகு மெர்லினை ஒரு பையில் ஊதச் சொன்னேன். "இன்னாத்துக்குண்ணா இது?" என்று சிரித்தாள். நிறுத்தி நிறுத்தித்தான் ஊத முடிந்தது. மாடியில் பார்த்த அதே முகடு அவள் மூச்சிலும் இருந்தது. அன்று என் வீட்டுக்கு இனிப்பு வாங்கிப் போனேன்.

ஆகஸ்டில் இறந்தாள். இரத்தப் புற்று. காற்றுதான் காரணமென்று எந்த மருத்துவரும் சொல்லவில்லை. ஒரே ஒரு பெண்ணை வைத்துச் சொல்லவும் முடியாது. அடக்கத்துக்குப் போயிருந்தேன். போன கையோடு மாடி ஏறிக் குடுவையை மாற்றினேன்.

அதிலிருந்து ஒரு தொந்தரவு. கருவியில் வெறும் நைட்ரஜனைச் செலுத்தினாலும் பென்சீன் வரும் இடத்தில் சின்னதாக ஒரு முகடு எழுகிறது. குழாய்களையெல்லாம் மாற்றிவிட்டேன். போகவில்லை. கூட வேலை பார்க்கும் செங்குட்டுவனிடம் காட்டினேன். திரையில் ஒன்றுமே இல்லை என்றான். அப்புறம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு மனநல சிகிச்சை வேண்டுமென்று உங்கள் கிளினிக்குக்கு வந்து சொன்னது அவன்தானே?

ஆமாம், தெரிந்தேதான் பொய் சொன்னேன். அவளை அங்கே இருக்க வைத்தது நான்தான். அக்காவிடம் இப்போதாவது உண்மையைச் சொல் என்கிறீர்கள். சொல்கிறேன், மேடம். கொஞ்சம் பொறுங்கள். மழைக்காலக் காற்று மட்டும் இன்னும் எடுக்க வேண்டியிருக்கிறது.