அரினா சொன்ன ‘ஓம்’

— நாளைக்கு நீ வெல்லுவாய் மெலிசா. இப்ப கெதியா றோல்ஸைச் சுத்து, மா காயுது.

— இந்தப் போட்டியிலை ஒரு ஆட்டமும் நான் வெல்லேல்லை அம்மா. எல்லாரும் எல்லாரோடையும் ஆடவேணும், நாளைக்குக் கடைசி ஆட்டம், அதுவும் அரினாக்காவோடை. எப்பிடி வெல்லுறது? அதோடை செஸ்ஸை விடுறன். ஃபினி, முடிஞ்சுது.

— விசர்க்கதை கதையாதை. சார்செலிலை இருந்து மாமி வாறா. லாச்சப்பல் கடைக்காரர் எல்லாருக்கும் சொல்லிப்போட்டன். நீ வெல்லுவாய், அம்மா சொல்லுறன் எல்லோ.

— ஏன் இவ்வளவு உறுதியாச் சொல்லுறியள்? என்னைப் பாத்துச் சொல்லுங்கோ.

— எண்ணெய் கொதிக்குது பிள்ளை.

— அம்மா!

— சரி, சரி. அரினாவிட்டை ஒரு உதவி கேட்டனான். மெலிசா சின்னப்பிள்ளை, ஒரு ஆட்டம் விட்டுக்குடு எண்டு. ‘ஓம் அன்ரி’ எண்டாள்.

— மே நொன், ஐயோ இல்லை! என்ன வேலை பாத்து வைச்சிருக்கிறியள்! நாளைக்கு வெண்டால்தான் அவவுக்கு மாஸ்டர் பட்டம்.

— பட்டமோ? அவள் எனக்கு ஒண்டும் சொல்லேல்லையே.

— எப்பிடிச் சொல்லுவா? ரெண்டு வருசமா எங்கட வீட்டிலை இருக்கிறா. நீங்கள் கேட்டு மாட்டன் எண்டுவாவே? சின்ன வயசிலேயே ரஷ்யாவிலை பெரிய ஆக்களை வெண்டவ அம்மா. சண்டை துவங்க எல்லாத்தையும் விட்டிட்டு வந்து, இஞ்சை கீழை இருந்து திரும்ப ஏறி வாறா. மேசையிலை எல்லாருக்கும் அவையவையின்ரை நாட்டுக் கொடி வைப்பினம். ரஷ்யக் கொடிக்குத் தடை, அவவுக்கு மட்டும் ஒண்டுமில்லை.

— நாங்கள் வந்திறங்கேக்கை மட்டும் எங்களிட்டை எந்தக் கொடி இருந்தது? ஐயோ மாதாவே, நீ ஒவ்வொரு நாளும் அழுதுகொண்டு வந்தாய், எனக்கு வேறை ஒண்டும் கண்ணிலை படேல்லை.

— நான் நாளைக்குப் போகமாட்டன்.

— நீ போகாட்டில் அவளுக்குப் பட்டம் கிடைக்குமே?

— இல்லை. விளையாடாமல் வெண்டால் பட்டத்துக்குச் சேராது.

— அப்ப நான் கேட்டதை நானே திருப்பி வாங்குறன். அரினா! அரினா, ஒருக்கா குசினிக்கு வா பிள்ளை!

— நான் வாசலில்தான் றெஜினா அன்ரி. றோல்ஸ் மணம். பசி. எல்லாம் கேட்டது.

— நான் சொன்னதை மறந்திடு. விட்டுக்குடுக்க வேண்டாம்.

— நான் விட்டுக்குடுக்க நினைக்கவில்லை அன்ரி. ‘ஓம்’ பொய்.

— பொய்யோ?

— அங்கை என் பயிற்சியாளரும் இப்படிக் கேட்டார். ஒரு பெரிய மனிதரின் மகளுக்கு ஒரு ஆட்டம். ஓம் சொன்னேன். தோற்றேன். பிறகு ஒரு வருசம் காய் தொடவில்லை. இஞ்சை உங்கள் முகம் பார்த்து மாட்டேன் சொல்ல எனக்கு வாய் வராது. உங்கள் சோறு. அதனால் வாயால் ஓம். மேசையில், மாட்டேன்.

— என்ரை வயித்திலை பாலை வாத்தாய் ராசாத்தி! இனி ஆர் கேட்டாலும், நான் கேட்டாலும், விடாதை. வெல்லு!

— மெலிசா, கோபமா? மன்னிச்சுக்கொள். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் உன்னை முடிப்பேன்.

— ஆர் சொன்னது? வெள்ளைக் காய் எனக்கு, முதல் நகத்துறது நான். அம்மா, மிச்ச றோல்ஸை நீங்களே சுத்துங்கோ. எனக்கு நாளைக்கு ஆட்டம் இருக்கு.