தேறியவர்கள் போய்விடுகிறார்கள்

உங்கள் அறைத் திரைச்சீலையைத் துவைக்கிறவர் சோப்பைச் சரியாக அலசுவதில்லை. வெயில் படும் பக்கம் மஞ்சள் பூத்திருப்பது அதனால்தான். தப்பாக நினைக்காதீர்கள் ஐயா, எங்கே போனாலும் என் கண் முதலில் துணி மேல்தான் போகிறது. நின்றுகொண்டே பேசட்டுமா? கொஞ்ச காலமாக என்னால் ஓரிடத்தில் உட்கார முடிவதில்லை. உட்கார்ந்தால் கை எதையாவது மடிக்கத் தேடுகிறது.

எங்களுடையது பெரிய சலவைக்கூடம். வீட்டுத் துணி எடுப்பதில்லை. ஹோட்டல் படுக்கை விரிப்புகள், துவாலைகள், மருத்துவமனைப் போர்வைகள், அவ்வளவுதான். முன்னால் துவைக்கும் இயந்திரங்கள், நடுவில் நீராவியில் சூடாகும் இஸ்திரி உருளை, பின்னால் கொதிகலன். அந்த வெக்கையில் ஆட்கள் நிற்க மாட்டார்கள். ஒருவரைப் பழக்கி முடிப்பதற்குள் அவர் வேறு வேலை பார்த்துக்கொண்டு போய்விடுவார். நான் அப்படி அல்லாடிக்கொண்டிருந்த சமயத்தில்தான் மானியத் திட்ட அதிகாரி என்னைத் தேடி வந்தார். நல்ல பெண்மணி. பேசும்போது முகத்தைப் பார்த்துப் பேசுவார்.

திட்டம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். சிறையிலிருந்து வந்தவர், காது கேளாதவர், மனநல மருத்துவமனையில் இருந்துவிட்டு வந்தவர் என்று எந்த வாசலிலும் ஏற்றாத ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களை வேலைக்கு வைத்தால் சம்பளத்தில் பாதியை அரசு கொடுக்கும். ஆள் தேறிவிட்டார், இனி யார் துணையும் இல்லாமல் எங்கேயும் வேலை செய்வார் என்று ஆய்வில் முடிவானதும் மானியம் நின்றுவிடும்.

பணத்துக்காகச் செய்தேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். மானியம் இல்லாமலும் என்னால் ஆள் வைக்க முடியும்.

முதலில் வந்தவர் திருட்டு வழக்கில் உள்ளே இருந்தவர். என் கல்லாப்பெட்டிச் சாவியையே அவரிடம் கொடுத்து வைத்தேன். அடுத்தவர் கால் ஊனமுற்றவர். அவருக்காக மேசையின் உயரத்தைக் குறைத்தேன். தேறியதும் இரண்டு பேரும் போய்விட்டார்கள். போகும்போது கையைப் பிடித்துக்கொண்டு "உங்கள மறக்கவே மாட்டேன் சார்" என்றார்கள். மறந்துவிட்டார்கள். ஒரு நாள் அதிகாரியிடம் இதைச் சொல்லிக் குறைப்பட்டுக்கொண்டேன்.

"அவங்க கிளம்பிப் போறதுதான் சார் இந்தத் திட்டத்தோட வெற்றியே" என்று அவர் சிரித்தார்.

நானும் சிரித்தேன். மேடைக்கு அழைத்து, கருணையுள்ள முதலாளி என்று எனக்குப் பட்டயம்கூடக் கொடுத்தார்கள். ஆனால் கைப்பிடித்து நடக்க வைத்தவனை விட்டுவிட்டு எல்லோரும் நடந்து போய்விட்டால், பின்னால் நிற்கிறவன் என்ன செய்வான் என்று யாரும் கேட்கவில்லை.

டீச்சர் வந்தது அதற்குப் பிறகு. பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர். மனம் குழம்பி மருத்துவமனையில் நெடுநாள் இருந்துவிட்டு வந்திருந்தார். ஒரே மகள் அண்ணன் வீட்டில் வளர்ந்தாள். என் கூடத்துக்கு வந்த புதிதில் எதைச் செய்தாலும் திரும்பத் திரும்பச் சரிபார்ப்பார். குழாயை மூடிவிட்டு நாலடி நடப்பார், திரும்பி வந்து தொட்டுப் பார்ப்பார். "சார், நான் மூடினத நீங்க பாத்தீங்கல்ல?" என்று என்னைக் கேட்பார். "பாத்தேன் டீச்சர்" என்பேன். அந்த முகம் தெளிவதைப் பார்க்க வேண்டுமே. ஒரு நாளைக்கு எத்தனை தடவை கேட்டாலும் எனக்குச் சலிக்கவில்லை. என் மனைவி என்னிடம் ஒரு வார்த்தை கேட்டு வருஷக்கணக்காகிறது, அது வேறு விஷயம்.

இஸ்திரி உருளையில் நின்றவர் பேச்சாளர். பிறவியிலேயே காது கேளாதவர், வாய் பேச வராது, பள்ளிக்கூடப் பக்கம் போனதில்லை. ஆனால் கைச்சாடையில் அவர் பேசுகிற பேச்சுக்கு முற்றுப்புள்ளி கிடையாது. அதனால் அந்தப் பட்டப்பெயர். அவருக்கும் அது தெரியும், பெருமைதான். டீச்சர் அவருடைய சாடையைக் கற்றுக்கொண்டார். மடிக்கும் மேசையின் இரண்டு பக்கமும் நின்று, விரிப்பின் நான்கு முனைகளையும் பிடித்தபடியே, ஒற்றை விரலிலும் புருவத்திலும் ஏதோ பேசிச் சிரிப்பார்கள். நான் என் அறைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பேன். வெளியே வந்து பக்கத்தில் நின்றால் சிரிப்பு அடங்கிவிடும். மரியாதைதான், வேறொன்றுமில்லை.

மெல்ல மெல்ல டீச்சர் என்னிடம் கேட்பதும் குறைந்தது. குழாயை மூடுவார், போய்விடுவார். திரும்பியே பார்க்க மாட்டார்.

ஒரு நாள் மாலை என் அறைக்கு வந்தார். முகம் அப்படிப் பூத்திருந்தது.

"சார், அடுத்த மாசம் ஆய்வு. அதுல தேறிட்டா பொண்ணக் கூட்டிட்டுப் போன்னு அண்ணன் சொல்லிட்டாரு. நம்மகிட்ட துணி போடுற பெரிய ஹோட்டல்லயும் துணி அறைக்குப் பொறுப்பா வரச் சொல்றாங்க. எல்லாம் உங்களாலதான்."

"சந்தோஷம் டீச்சர்" என்றேன். கும்பிட்டுவிட்டுப் போனார். மேசை மேல் தன் மூக்குக்கண்ணாடியை வைத்துவிட்டுப் போயிருந்தார். கூப்பிட்டுக் கொடுத்திருக்கலாம். எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அன்றைக்கு அதற்கு மேல் ஒன்றும் நினைக்கவில்லை.

மறுநாள் அவர் கூடம் முழுக்கத் தேடினார். நானும் கூடச் சேர்ந்து தேடினேன். சாயங்காலம் அவர் ஏற்கெனவே பார்த்த அலமாரியிலிருந்தே எடுத்துக் கொடுத்தேன். "இங்கதானே இருக்கு டீச்சர்" என்றேன். கண்ணாடியைப் போட்டுக்கொள்ளாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "நான் இங்க பாத்தேனா சார்?"

எத்தனையோ நாள் கழித்து என்னிடம் கேட்கிறார்.

அதற்குப் பிறகு செய்ததெல்லாம் சின்னச் சின்னக் காரியம். அவர் கட்டி வைத்த மருத்துவமனை மூட்டையின் அடையாளச் சீட்டை ஹோட்டல் மூட்டைக்கு மாற்றுவேன். ஏதாவது புதிதாகச் சொல்ல வருவார். "நேத்தே சொன்னீங்களே" என்பேன். சொல்லியிருக்க மாட்டார். அந்த இரண்டு வார்த்தைக்கு இருக்கிற பலம் இருக்கிறதே, அடித்துத் திட்டினால்கூட ஒரு மனிதர் அவ்வளவு கலைய மாட்டார். வாசல் வரை போய்விட்டுத் திரும்பி வருவார், மறுபடி போவார். நகத்தைக் கடித்து விரல் நுனியெல்லாம் சிவந்துபோயிற்று. நான் பக்கத்தில் போய், பயப்படாதீர்கள், நான் இருக்கிறேன் என்பேன். அது பொய்யில்லை. இருந்தேன்.

என் மனைவிக்கு ஒரு சந்தேகம் வந்தது உண்மை. பையைத் துழாவிப் பார்க்காமல் துணியை நனைப்பது எங்கள் வீட்டில் கிடையாது. இன்னொரு முறை நான் எடுத்து வைத்திருந்த கண்ணாடி அவள் கையில் அகப்பட்டது.

"இது அந்த டீச்சரம்மாவோடதுதானே? உங்க பையில எதுக்கு?"

"குடுக்க மறந்துட்டேன்."

"அவங்க ரெண்டு நாளா தேடுறாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க?"

அவள் கண்ணாடியைத் துடைத்து மேசையில் வைத்துவிட்டு உள்ளே போனாள். அந்த வாரமே அவளுடைய அம்மா வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். ஏன் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

நீராவி வால்வுக்கு வருகிறேன். நீங்கள் அதற்காகத்தானே காத்திருக்கிறீர்கள்.

கொதிகலனிலிருந்து உருளைக்குப் போகும் குழாயில் ஒரு வால்வு உண்டு. வேலை முடிந்ததும் அதை மூடி, 'மூடப்பட்டது' என்ற சிவப்பு அட்டையை மாட்டுவது டீச்சரின் பொறுப்பு. காலையில் முதலில் வந்து வால்வைப் பார்ப்பவரும் அவர்தான். அடுத்து பேச்சாளர் வந்து, குழாயில் தேங்கிய தண்ணீரை வடிக்க உருளைக்கு அடியில் இருக்கும் மூடியைத் திருகித் திறப்பார். வால்வு மூடியிருக்கும் வரை அதில் ஆபத்தே இல்லை.

ஆய்வுக்குச் சில நாட்களே இருந்தன. டீச்சர் எப்படியோ தன்னைத் தேற்றிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் பேச்சாளரிடம் கேட்டுச் செய்ய ஆரம்பித்திருந்தார். என்னிடம் இல்லை. அந்த மாலை எல்லோரும் போன பிறகு நான் வால்வைத் திறந்துவிட்டேன். அட்டையைத் தொடவில்லை. காலையில் வந்து பார்த்து அவர் அதிர வேண்டும், என்னிடம் ஓடி வர வேண்டும், நான் ஆறுதல் சொல்ல வேண்டும். நான் நினைத்தது அவ்வளவுதான்.

காலையில் வழக்கம்போல நானே கொதிகலனைப் பற்றவைத்தேன். டீச்சர் வரவில்லை. மகளோடு குடியிருக்க ஒரு வீடு பார்க்கப் போயிருந்தார். பேச்சாளர் வந்தார், என்னைப் பார்த்து ஒரு வணக்கம் வைத்தார், நேராக உருளைக்குப் போனார். அட்டையைப் பார்த்தார். குனிந்து உட்கார்ந்தார். திறந்த குழாயில் நீராவி இரைகிற சத்தம் என் அறை வரை கேட்டது. நல்ல பலமான இரைச்சல்.

நான் கூப்பிட்டேன். அறை வாசலில் நின்று அவரைக் கூப்பிட்டேன். ஒரு தடவை இல்லை, பல தடவை. பக்கத்துக் கடைக்காரருக்குக்கூடக் கேட்டிருக்கிறது, விசாரித்துக்கொள்ளுங்கள். நான் கூப்பிடவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

இரண்டு கையும் வெந்துவிட்டன. தோல் ஆறிவிட்டது, ஆனால் விரல்கள் உள்பக்கம் மடங்கி அப்படியே நின்றுவிட்டன.

அவரை வண்டியில் ஏற்றும்போது டீச்சர் வந்தார். தலையைப் படிய வாரியிருந்தார். வால்வைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நான்தானா சார்?"

ஆமாம் என்று நான் சொல்லவில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள். "உங்க மேல தப்பில்ல டீச்சர். உடம்புக்கு முடியாதவங்க, என்ன பண்ணுவீங்க" என்றுதான் சொன்னேன். அவர் அழவில்லை. அதிகாரியிடம் தானே போய், தன்னை மறுபடி மருத்துவமனையில் சேர்க்கச் சொன்னார். மகளைத் தன்னிடம் கூட்டி வர வேண்டாம் என்று அண்ணனுக்கும் அவரே சொல்லிவிட்டார். தன் கையால் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடும் என்ற பயம். வாராவாரம் போய்ப் பார்க்கிறேன். பழம் வாங்கிப் போவேன். என்னைக் கண்டால் எழுந்து நின்று கும்பிடுகிறார். "நீங்க மட்டுந்தான் சார் வரீங்க" என்கிறார். தண்ணீர் குடிக்கலாமா என்றுகூட என்னைத்தான் கேட்கிறார்.

கட்டுப் பிரித்ததும் பேச்சாளர் ஒரு நாள் கூடத்துக்கு வந்தார். என் முன்னால் நின்று அந்த மடங்கிய கைகளால் எதையோ சொன்னார். திருகுவது மாதிரி ஒரு அசைவு. பிறகு தன்னைக் காட்டினார், கண்ணைக் காட்டினார். முன்னைப் போல விரல்கள் விளங்கவில்லை, அவர் பேச்சு இப்போது யாருக்கும் புரிவதில்லை. எனக்குப் புரிந்தது. அந்த மாலை டீச்சர் வால்வை மூடியதை அவர் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார். புரியவில்லை என்று தலையை ஆட்டினேன். திரும்பத் திரும்பச் செய்து காட்டினார். நானும் திரும்பத் திரும்பத் தலையாட்டினேன். வியர்த்துப்போய்ப் போனார்.

அவர் விடவில்லை. அதிகாரியின் சேலை முந்தானையைப் பல்லால் கடித்து இழுக்காத குறையாக வால்வு வரை கூட்டி வந்து, முழங்கையால் அதை மூடிக் காட்டி, டீச்சர் மாதிரியே நாலடி நடந்து திரும்பி வந்து தொட்டுக் காட்டினாராம். அதற்குப் பிறகுதான் நீங்கள் என்னைக் கூப்பிட்டு அனுப்பினீர்கள்.

ஒன்று திருத்த வேண்டும். டீச்சர் அன்று காலை வர மாட்டார் என்பது எனக்கு முன்கூட்டித் தெரியாது என்று உங்கள் காவலர்களிடம் சொல்லியிருந்தேன். தெரியும். முந்தின நாள் மதியமே என்னிடம் அனுமதி கேட்டார். வீட்டு ஜன்னலுக்கு என்ன நிறத் திரைச்சீலை நன்றாக இருக்கும் என்றுகூடக் கேட்டார். வால்வைத் திருகும்போது அது என் நினைவில் இருந்தது. காலையில் அங்கே பேச்சாளர்தான் உட்காருவார் என்பதும் நினைவில் இருந்தது. அவர் இருக்கும் வரை டீச்சர் என்னிடம் எதையும் கேட்க மாட்டார்.

சொல்லிவிட்டேன். இனி டீச்சரை மருத்துவமனையில் வைத்திருக்கக் காரணமில்லை. வெளியே விடச் சொல்லிவிடுவீர்கள்தானே? அவர் நின்ற இடத்தில் நான் இன்னும் வேறு ஆள் வைக்கவில்லை. பேச்சாளருக்கும் கை தேவைப்படாத வேலையாக ஏதாவது பார்க்கலாம், வாசலில் உட்கார வைக்கலாம். திட்டத்தில் இரண்டு பேருக்கும் இப்போது முன்பைவிடத் தகுதி கூடியிருக்கிறது. அதிகாரியிடம் நீங்களே ஒரு வார்த்தை சொல்லுங்கள். இந்த நிலைமையில் அவர்களை என்னைத் தவிர வேறு யார் வேலைக்கு வைப்பார்கள்?