பெட்டியில் இரண்டு சேலை

திண்டுக்கல் ஸ்டேஷனில் மதுரை வண்டிக்காகக் காத்திருந்தேன். பக்கத்துப் பெஞ்சில் ஒரு கணவனும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். அவர் கண்டியில் ஒரு கடையில் வேலை பார்ப்பவர் என்பதும், லீவு முடிந்து தனுஷ்கோடியில் கப்பலேறப் போகிறார் என்பதும் பேச்சிலிருந்து தெரிந்தது. அவள் வழியனுப்ப வந்தவள். திறந்து கிடந்த தகரப் பெட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"என் சேலை ரெண்ட இதுல வச்சு விடுறேன்."

"நீ இங்கன இருக்க. சேலை மட்டும் அங்க போயி என்ன செய்யப்போகுது?"

"போன தடவையும் போனதும் அங்க கூப்பிட்டுக்கிறேன்னுதான் சொன்னீங்க. மூணு வருசம் ஆச்சு. சேலை கண்ணுல பட்டா நெனப்பு வரும்ல."

அவர் பெட்டிக்குள் குனிந்து பார்த்தார்.

"கப்பலேறுறதுக்கு முன்னால மண்டபம் கேம்புல பெட்டியத் தொறந்து சோதிப்பாங்க புள்ள. பொம்பளச் சேலை எதுக்குன்னு கேட்டா என்ன சொல்லட்டும்?"

"பொண்டாட்டி பின்னால வாரான்னு சொல்லுங்க."

பெட்டியில் இடமில்லை. கண்டிக் குளிருக்கென்று வாங்கிய புதுக் கம்பளியை எடுத்து அவள் மடியில் வைத்தார். அந்த இடத்தில் இரண்டு சேலைகளையும் மடிப்புக் கலையாமல் அடுக்கினார். வண்டி வருகிற சத்தம் கேட்டது.

"ரவிக்கை கொண்டாந்தியா?" என்று கேட்டார்.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பையைத் திறந்தாள்.